டாஸ் காலத்து ஓவிய நிரலை இன்றைய லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் கொண்டுவருவது எப்படி: பினாங்கில் நாங்கள் பட்ட பாடும் கண்ட வழியும்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சகம். கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர் எல்லாம் அங்கே அடிப்பார்கள். அதன் முதலாளியை நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். 1990-களின் நடுவில் ஒருவர் அவருக்காக, பழைய டாஸ் இயங்குதளத்தில் ஓடும்படி, டர்போ சி என்ற சி மொழிக் கம்பைலரில் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) படம் வரையும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். கோலம், மயில், குத்துவிளக்கு, பார்டர் என்று நானூறு படங்களுக்கு மேல் அண்ணன் அதில் வரைந்து வைத்திருக்கிறார். அந்த நிரலைத் தவிர வேறு எதற்கும் அந்தக் கோப்புகள் புரியாது.

கடையின் பழைய கணினி ஒரு நாள் கண்ணை மூடியது. புதிதாக வாங்கியதில் இருந்தது 64-பிட் விண்டோஸ். 16-பிட் டாஸ் நிரல் அதில் ஓடவே ஓடாது. "தம்பி, எப்படியாவது இதை ஓட வச்சுக் குடு" என்றார்.

பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவர், ஒரு கல்லூரி மாணவி, நான். சம்பளம் கிடையாது, தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) மட்டும் அண்ணன் கணக்கில். வேலை முடிய 14 மாதம் ஆயிற்று. பாதி நேரத்தில் முடித்திருக்கலாம். நாங்கள் திரையில் தொடங்கினோம், கோப்பில் தொடங்கியிருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை நாங்கள் செய்த வரிசை அல்ல. மறுபடி செய்தால் எப்படிச் செய்வேனோ அந்த வரிசை.

1. போர்ட் செய்யத்தான் (வேறு இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றத்தான்) வேண்டுமா?

முதலில் டாஸ்பாக்ஸைப் போட்டு நிரலை ஓட்டிப் பாருங்கள். 2002-இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள் அது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரு பழைய டாஸ் கணினியை அப்படியே நடித்துக் காட்டும். பழைய படங்களைப் பார்த்தால் போதும் என்றால், அவற்றை பிஎன்ஜி என்ற பொதுவான பட வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிட்டு அத்தோடு நிறுத்துங்கள். இரண்டு வார வேலை. இதைச் சொன்னால் நண்பர்கள் முகம் வாடும், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அண்ணன் அந்த நிரலில்தான் இன்றும் வரைகிறார். தினமும் பத்துத் தடவை டாஸ்பாக்ஸுக்கு உள்ளேயும் வெளியேயும் கோப்பை நகர்த்த அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் போர்ட் செய்ய முடிவெடுத்தோம். அப்படியே முடிவெடுத்தாலும் டாஸ்பாக்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய நிரல் எப்படி நடந்துகொண்டது என்று சாட்சி சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

2. கையெழுத்து வாங்குங்கள்

எழுதியவர் நமக்குத் தெரிந்தவர்தானே என்று இருந்துவிடக் கூடாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது. எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 50 ஆண்டும் உரிமை உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எழுத வைத்த படைப்பு என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை எழுத வைத்தவருக்குப் போய்விடும். அண்ணனா, எழுதியவரா என்று யோசித்துக்கொண்டிராமல் இருவரிடமும் ஒரே தாளில் கையெழுத்து வாங்கினோம். மூல நிரலை (எழுதியவர் சி-யில் எழுதிய வரிகளை), யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடச் சம்மதம் என்று நான்கு வரி.

இந்த நான்கு வரி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிராஃப்எக்ஸ்2 நல்ல உதாரணம். 1996-இல் டாஸுக்காகப் பிறந்த பிக்சல் ஓவிய நிரல் அது. 2001-இல் அதை எழுதியவர்கள் நேரமில்லாமல் நிறுத்தியபோது மூல நிரலை ஜிபிஎல்லில் விட்டுவிட்டுப் போனார்கள். 2007-இல் வேறு தன்னார்வலர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். திரை, மவுஸ், விசை எல்லாவற்றையும் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாள உதவும் எஸ்டிஎல் என்ற லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பு) மேல் உட்கார வைத்து லினக்ஸ், விண்டோஸ் என்று எங்கெங்கோ கொண்டுபோனார்கள். உங்கள் நிரலும் அதே ரகம் என்றால் அந்த மூல நிரலைத் திறந்து படியுங்கள், நிறையச் சிக்கல்களுக்கு விடை அதில் இருக்கிறது.

3. பிளாப்பியிலிருந்து எடுப்பது

மூல நிரல் ஏழு பிளாப்பிகளில் இருந்தது. பினாங்கின் ஈரக் காற்றில் முப்பது ஆண்டு அலமாரியில் கிடந்த பிளாப்பியில் பூசணம் பூத்திருக்கும். உலோக மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். போட்டால் டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த பிளாப்பியும் போய்விடும்.

நல்லதாகத் தெரிபவற்றை முதலில் எழுத முடியாதபடி பூட்டுங்கள். மூன்றரை அங்குல வட்டில் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தால் பூட்டியதாக அர்த்தம். அப்புறம் கோப்பு கோப்பாக நகலெடுக்காமல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக, அதாவது பிம்பமாக, எடுங்கள். 1.44 எம்பி வட்டென்றால் பிம்பம் சரியாக 1,474,560 பைட் வர வேண்டும். படிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்ப முயன்று படிக்க டிடிரெஸ்க்யூ உதவும். ஏழில் ஆறு வந்தன. ஏழாவதில் இருந்தது அச்சுப்பொறிக்கான பகுதி மட்டும். எப்படியும் அதைத் தூக்கத்தான் போகிறோம் என்பதால் அழவில்லை.

4. முதல் கமிட்டில் கை வைக்காதீர்கள்

வட்டிலிருந்து வந்ததை வந்தபடியே கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) போடுங்கள். வரி இறுதி, இடைவெளி, கோப்புப் பெயர் எதையும் திருத்த வேண்டாம். இரண்டாவது கமிட்டிலிருந்து உங்கள் ராஜ்ஜியம். "அழகுபடுத்தல்" ஒரு கமிட்டாகவும் "திருத்தம்" இன்னொரு கமிட்டாகவும் இருக்கட்டும். இரண்டும் கலந்தால், எந்த வரி எப்போது ஏன் மாறியது என்று பின்னாளில் தேடும்போது தலை சுற்றும்.

இங்கேயே ஒரு விதியும் போட்டுக்கொள்ளுங்கள்: பழைய நிரல் செய்யாத எதையும் புதியது செய்யக் கூடாது. லேயர் வேண்டும், பத்துப் படி அன்டூ வேண்டும் என்ற ஆசையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒதுக்கி வைக்கப்படட்டும். எங்கள் தாளில் 31 வரி சேர்ந்தது.

5. கோப்பு: இங்கேதான் உட்கார வேண்டும்

திரை, மவுஸ், மெனு எதுவும் இல்லாமல் முதலில் ஒரே ஒரு சிறு கட்டளை நிரல் எழுதுங்கள். பழைய படத்தைத் திறக்க வேண்டும், அப்படியே வேறு பெயரில் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். சேமித்தது பழையதோடு பைட் பைட்டாகப் பொருந்தினால், கோப்பு வடிவம் உங்களுக்குப் புரிந்துவிட்டது. மூல நிரல் கையில் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நிரல் ஒன்று சொல்லும், கோப்பு வேறொன்று சொல்லும்.

வடிவத்தைப் புரிந்துகொள்ள நாங்கள் செய்தது இது. டாஸ்பாக்ஸில் ஒரே ஒரு புள்ளி உள்ள படத்தைச் சேமித்து, கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தோம். அடுத்து இரண்டு புள்ளி. அடுத்து நிறத்தை மட்டும் மாற்றி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். எந்த பைட் அசைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரே மாலையில் பாதி வடிவம் பிடிபடும்.

இனி பள்ளங்கள். எல்லாவற்றிலும் நாங்கள் விழுந்திருக்கிறோம்.

பழைய நிரல் கோப்பின் தொடக்கத்தில் வரும் தலைப்பை ஒரு ஸ்ட்ரக்டாக (பல எண்களைச் சேர்த்து அடுக்கிய தொகுப்பு) அப்படியே வட்டில் கொட்டும். எங்களுடையதில் முதலில் ஒரு பைட், அடுத்து இரண்டு பைட், அடுத்து நான்கு பைட். டர்போ சி அதை 7 பைட்டாக நெருக்கி அடுக்கியது. இன்றைய கம்பைலர் முதல் பைட்டுக்குப் பின்னால் ஒரு வெற்று பைட்டைச் செருகி 8 ஆக்குகிறது. அதனால் படம் ஒரு பைட் தள்ளித் தொடங்கும். படமோ "எத்தனை தடவை, எந்த நிறம்" என்று சுருக்கி எழுதப்பட்டது. ஒரு பைட் தள்ளினால் எண்ணிக்கை நிறமாகிறது, நிறம் எண்ணிக்கையாகிறது. அண்ணனின் மயில், சிக்னல் போன டிவி மாதிரி வந்தது. ஸ்ட்ரக்டை அப்படியே படிக்காமல் ஒவ்வொரு எண்ணையும் பைட் பைட்டாக எடுத்துக் கூட்டிப் படித்தால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும். அமிகா என்ற பழைய கணினியில் பிறந்த நிரலென்றால் எண்களின் பைட் வரிசையே தலைகீழாக இருக்கும். அதற்கும் இதே மருந்துதான்.

அடுத்தது எண்களின் அளவு. டர்போ சி-யில் இன்ட் என்ற எண் வகை 2 பைட், இன்று 4. லாங் அன்று 4. இன்று 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8, ஆனால் 64-பிட் விண்டோஸில் இன்னமும் 4. லினக்ஸில் சரியாக ஓடி விண்டோஸில் கவிழும், அல்லது நேர்மாறாக நடக்கும். கோப்பைத் தொடும் இடங்களில் அளவு பெயரிலேயே இருக்கும் வகைகளை, அதாவது 16-பிட் இன்ட், 32-பிட் இன்ட் என்பவற்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

நிறத்தின் எண் 0 முதல் 255 வரை. அதை வெறும் சார் என்ற ஒரு பைட் வகையில் வைத்திருந்தால், 200-ஆம் நிறம் சாதாரண இன்டெல் கணினியில் மைனஸ் 56 ஆகிவிடும். அதே நிரல் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் லினக்ஸில் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் அங்கே சார் குறியில்லா வகை, மைனஸ் எண்ணே கிடையாது. மாணவியின் ராஸ்பெரி பையில் வந்த மயில் என் மடிக்கணினியில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். ஒரு ஞாயிறு முழுக்க ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம்.

விண்டோஸில் கோப்பை பைனரி முறையில் (பைட்டுகளை உள்ளபடியே படிக்கும் முறை) திறக்க மறந்தால் 26 என்ற பைட்டைக் கண்டதும் கோப்பு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். 26-ஆம் நிறம் பூசிய கோலமெல்லாம் பாதியில் அறுந்து நிற்கும். லினக்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே வேறு தொல்லை: பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பெயர். டாஸ் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் வைத்தது, நிரல் சிறிய எழுத்தில் தேடும், "கோப்பு இல்லை" என்று சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு நானூறில் 390 பொருந்தின, பத்துப் பொருந்தவில்லை. இரண்டு ஞாயிறு போனது. படத்தின் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் முடிந்த பிறகு மிச்சமுள்ள பைட்டுகளைச் சுழியமாக்காமல், நினைவகத்தில் கிடந்த குப்பையோடு சேமித்திருந்தது பழைய நிரல். தவறு எங்களுடையது அல்ல. ஒப்பிடும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னோம், அத்தனையும் பொருந்தின.

6. கம்பைல் செய்வது

சுருக்கமாகவே சொல்லலாம், கம்பைலரே கத்திக் காட்டிக் கொடுக்கும். நியர், ஃபார் என்று பாயின்டருக்கு (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) முன்னால் வரும் சொற்களைத் தூக்குங்கள். வேகத்துக்காக, செயலியின் சொந்த மொழிக்கு நெருக்கமான அசெம்ப்ளியில் எழுதிய பகுதிகளை அதே வேலை செய்யும் சாதாரண சி-யில் எழுதுங்கள். திரையில் ஒரு கோடு போட அன்று பத்து வரி அசெம்ப்ளி தேவைப்பட்டது, இன்று சோம்பேறி சி-யே அதைக் கண் இமைக்குமுன் போடும். எல்லா எச்சரிக்கைகளையும் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். முதல் நாள் 1,100 எச்சரிக்கை வந்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம்.

7. திரை

டாஸ் நிரல் திரையை யாரிடமும் கேட்டு வரையாது. 320×200, 256 நிறம் என்ற அக்கால விஜிஏ திரை முறையில், நினைவகத்தின் 640 கிலோபைட் முடியும் இடத்திலிருந்து 64,000 பைட்தான் திரை. அதில் ஓர் எண்ணை எழுதினால் அந்தப் புள்ளி ஒளிரும். இன்றைய இயங்குதளம் எதுவும் இப்படிக் கையை நீட்ட விடாது.

வழி எளிது. உங்கள் நினைவகத்திலேயே 64,000 பைட் அளவில் ஒரு போலித் திரையை ஒதுக்குங்கள். பழைய நிரல் அதில் எழுதட்டும். ஒவ்வொரு சட்டகத்திலும் அதை வண்ணத்தட்டு (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல்) வழியாக உண்மை நிறமாக்கி எஸ்டிஎல்லிடம் கொடுங்கள். திரையின் முகவரியைத் தவிர, பழைய வரைதல் நிரலில் பெரிதாக எதுவும் மாற வேண்டியதில்லை.

எஸ்டிஎல்லை நிரல் முழுக்கத் தூவாதீர்கள். திரை, மவுஸ், விசை, நேரம் நான்கையும் ஒரே கோப்பில் அடைத்து வையுங்கள். ஏன் என்று கிம்ப் சொல்லும். அந்த இலவசப் படத்திருத்த நிரல் 1995-இல் பெர்க்லி மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கியது. முதலில், சாளரம், மெனு, பட்டன் எல்லாம் வரைந்து தரும் மோட்டிஃப் டூல்கிட்டின் மேல் இருந்தது, பிறகு அவர்களே ஜிடிகே-யை எழுதிக்கொண்டார்கள். அந்த ஜிடிகே-யின் மூன்றாம் பதிப்பு 2011-இல் வந்தது. கிம்ப் அதற்கு மாறி முடித்து வெளிவந்தது 2025-இல். அவ்வளவு பெரிய நிரலுக்கே அடித்தளம் மாற்றுவது இப்படி இழுக்கிறது என்றால், நாலு பேர் ஞாயிற்றுக்கிழமையில் செய்வது எம்மாத்திரம்? அடித்தளத்தைத் தொடும் இடம் சின்னதாக இருந்தால் அடுத்த தலைமுறை பிழைக்கும்.

எங்கள் முதல் கோலம் திரையில் வந்ததும் கைதட்டினோம். அண்ணன் பார்த்துவிட்டு, "கோலம் நசுங்கியிருக்கே" என்றார். 320×200 படத்தைப் பழைய மானிட்டர் 4:3 அளவில் இழுத்துக் காட்டியது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். அங்கே வட்டமாகத் தெரிய 60 புள்ளி அகலமும் 50 புள்ளி உயரமும் வரைந்திருக்கிறார். இன்றைய சதுரப் புள்ளியில் அது முட்டை மாதிரித்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியையும் 5 அகலம், 6 உயரமாகப் பெரிதாக்கினால் 1600×1200-இல் சரியாக உட்காரும். சின்னத் திரைக்கு அதே விகிதத்தில் குறையுங்கள். பிஎன்ஜி-யாக ஏற்றுமதி செய்யும்போதும் இதை மறக்காதீர்கள், அச்சகத்துக்கு அதுதான் முக்கியம்.

நிறத்திலும் ஒரு சங்கதி. விஜிஏ ஒவ்வொரு வண்ணக் கூறையும் 0 முதல் 63 வரைதான் அறியும், இன்று 0 முதல் 255. நான்கால் பெருக்கினால் முடிந்தது என்று நினைத்தோம். 63 பெருக்கல் 4, 252. வெள்ளை வெள்ளையாக இல்லை. எங்கள் நால்வர் கண்ணுக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் மையோடு பழகிய அண்ணன் அச்செடுத்த தாளைத் தடவி, "வெள்ளைல லேசா அழுக்கு" என்றார். நான்கால் பெருக்கியதோடு, பழைய எண்ணைப் பதினாறால் வகுத்து வரும் முழு எண்ணையும் கூட்டுங்கள். 63 சரியாக 255 ஆகும், 0 அப்படியே 0.

8. மவுஸும் காத்திருப்பும்

டாஸ் நிரல் "மவுஸ் எங்கே, மவுஸ் எங்கே" என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே சுற்றும். அதை அப்படியே கொண்டுவந்தால் சும்மா இருக்கும்போதே விசிறி இரையும். நிகழ்வு வரும்வரை தூங்கும்படி அந்தச் சுற்றை மாற்றுங்கள். காலியாகச் சுற்றி நேரம் கடத்தும் இடங்களை உண்மையான கடிகாரத்துக்கு மாற்றுங்கள்.

மவுஸால் செவ்வகச் சட்டம் இழுக்கும்போது ஓடும் புள்ளிக்கோட்டைப் பழைய நிரல்கள் திரையிலேயே எக்ஸ்ஓஆர் முறையில் (அதையே மறுபடி வரைந்தால் பழைய நிறம் திரும்பும்) இரண்டு தடவை வரைந்து அழிக்கும். லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11-க்கு எழுதிய நிரல்களிலும் இதே பழக்கம், புதிய திரை முறைகளில் அது கோடு கோடாகத் தேய்த்துவிட்டுப் போகும். கோட்டைத் தனி அடுக்கில் வரைந்து மேலே வையுங்கள்.

விசைகளை மாற்றாதீர்கள். அண்ணன் விரல் எஃப்2-வில் சேமிக்கும். கண்ட்ரோல் விசைக்கு மாற்றலாமே என்று நான் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

9. தமிழ் எழுத்து

ஆங்கில வழிகாட்டி எதிலும் இது இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாக.

படத்துக்குள் ஏற்கெனவே எழுதிய தமிழ் வெறும் புள்ளிகள்தான், அது பத்திரம். சிக்கல் எழுத்துக் கருவியில். 1990-களில் ஆளாளுக்கு ஒரு குறியீடு. எழுதியவர் 128 முதல் 255 வரையுள்ள இடங்களில் தானே ஒரு தமிழ் எழுத்துருவைப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்தார். 247 எழுத்துக்கு அங்கே இடம் ஏது? அதனால் உறுப்புகளாகப் பிரித்திருந்தார். கால், கொம்பு தனியே. ஆனால் கு, கூ வரிசைகள் ஒவ்வொரு மெய்க்கும் வேறு வேறு உருவம் என்பதால் 18 மெய்க்கும் சேர்த்து 36 இடம் அவற்றுக்கே போய்விட்டது.

அந்த எழுத்துருவில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டு: கொம்பு, க, கால். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் அது க, அடுத்து ஒகரக் குறி என்று இரண்டே குறியீடு. இன்றைய விசைப்பலகை யூனிகோடைத்தான் அனுப்பும். ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எகரம், ஏகாரம், ஐகாரக் குறி வந்தால் கொம்பை முன்னால் நகர்த்து. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வந்தால் இரண்டாகப் பிளந்து முன்னும் பின்னும் வை. உகரம், ஊகாரம் வந்தால் மெய்யோடு சேர்த்து ஒரே உருவமாக மாற்று. புள்ளி வந்தால் அதற்குரிய மெய்யெழுத்தைப் போடு. நூறு வரிகூட இல்லை. மாணவி இரண்டு மாலையில் எழுதி முடித்தாள். இந்தப் போர்ட்டிலேயே அழகான பகுதி அதுதான்.

புதிய எழுத்துருக்களையும் பயன்படுத்த வேண்டும் என்றால் இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. உருவம் அடுக்கும் வேலையை ஹார்ஃபஸ் லைப்ரரியிடமும் வரையும் வேலையை ஃப்ரீடைப் லைப்ரரியிடமும் விடுங்கள். அது இல்லாமல் எழுத்து எழுத்தாக வரைந்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும். பேனர்களில் அந்தக் கோலத்தை நாம் பார்க்காததா?

10. ஆட்கள்

தன்னார்வலர்களில் பாதிப் பேர் மூன்றாம் மாதத்தில் காணாமல் போவார்கள். கோபப்பட வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு இரண்டு மணி நேரத்தில் முடியும் துண்டு வேலை கொடுங்கள், "திரைப் பகுதி முழுக்க உன்னுடையது" என்று தலையில் கட்டாதீர்கள். முடிவு சொல்ல ஒருவர் போதும். தீபாவளி, தைப்பூசம், ஆண்டிறுதியில் வேலை நடக்காது என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். அச்சகக்காரருக்கோ அப்போதுதான் உச்ச வேலை. அந்த வாரத்தில் புதிய பதிப்பைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். நான் ஒரு தடவை நீட்டினேன், தே தாரேக் நின்றுபோனது.

11. கையில் கொடுப்பது

லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் லைப்ரரிகளைச் சேர்த்தே ஒரே ஃபோல்டராகக் கொடுத்துவிடலாம். மேக்கில் டிஜிட்டல் முறையில் கையொப்பமிடாத நிரலை இயங்குதளமே தடுத்து நிறுத்தும். முறையாகக் கையொப்பமிட ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். யார் கட்டுவது என்பதை முதலில் பேசிவிட்டு அப்புறம் மேக் பற்றி வாக்குக் கொடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை.

அண்ணனிடம் கொடுத்த ஃபோல்டரில் புதிய நிரலோடு நான்கு பொருள் வைத்தோம். பிளாப்பிகளின் பிம்பங்கள், டாஸ்பாக்ஸில் ஓடும் பழைய நிரல், நானூறு படங்களையும் திறந்து சேமித்து ஒப்பிடும் அந்தச் சின்னச் சோதனை நிரல், கோப்பு வடிவத்தை பைட் வாரியாகத் தமிழில் விளக்கும் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் அவர் தன் அச்சகத்திலேயே கெட்டித் தாளில் அடித்து, ரசீது புத்தகங்கள் இருக்கும் மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறார்.